வெளியில் நடக்கும் விழாவைப் படம் எடுக்க எக்ஸ்டர்னல் பிளாஷை எப்படிப் பயன்படுத்துவது?

இப்போதுதான் கேமராவின் மேல் தனியாக மாட்டும் பிளாஷ் வாங்கியிருக்கிறீர்கள், அடுத்த வாரம் திறந்தவெளியில் ஒரு விழா, நடுப்பகலில் தொடங்கி இருட்டும் வரை போகும், என்ன செட்டிங் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே செட்டிங்கில் அந்த நாளை ஓட்ட முடியாது. ஆனால் நான் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொன்னால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

பிளாஷை மாட்டிக்கொண்டு நான் முதலில் போனது ஒரு நண்பர் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்கு. உச்சி வெயில். பின்னணி மங்கலாக வரட்டும் என்று அபெர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை; எஃப் எண் குறைந்தால் துளை பெரிது) எஃப் 2.8-இல் வைத்திருந்தேன். பிளாஷைப் போட்டதும் ஷட்டர் வேகம் 1/200 நொடிக்கு மேல் ஏற மறுத்தது. எடுத்த படமெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. பிளாஷ்தான் அதிகமாக அடிக்கிறது என்று பவரைக் குறைத்துக்கொண்டே போனேன். கடைசியில் அதை அணைத்துவிட்டே எடுத்துப் பார்த்தேன். அப்போதும் அதே வெள்ளை! படத்தைக் கெடுத்தது வெயில். திட்டு வாங்கியது பிளாஷ்.

காரணம் இதுதான். ஷட்டரில் இரண்டு திரைகள் உண்டு. ஏறக்குறைய 1/200 அல்லது 1/250 வரைக்கும்தான் (கேமராவுக்குக் கேமரா மாறும்) சென்சார் (படம் பதியும் பரப்பு) முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதைவிட வேகமாகப் போனால் இரண்டு திரைகளுக்கும் நடுவில் ஒரு கீற்று மட்டுமே நகர்ந்து போகும். பிளாஷ் ஒரு கணம் மின்னினால் படத்தில் ஒரு பட்டை மட்டும் வெளிச்சமாகி மீதி இருண்டுவிடும். அதனால் கேமராவே அந்த எல்லையில் நின்றுவிடுகிறது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 100, ஷட்டர் 1/200 என்றால் அபெர்ச்சர் எஃப் 11 அளவுக்கு இருக்க வேண்டும். நான் வைத்திருந்தது நான்கு ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரட்டிப்பாகும்).

ஆக, முதலில் பிளாஷை அணைத்து வையுங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200, பின்னணி சரியாக வரும் வரை அபெர்ச்சரை மூடுங்கள். இப்போது ஆள் கொஞ்சம் இருட்டாகத் தெரிவார், பரவாயில்லை. அப்புறம் பிளாஷை டிடிஎல்-இல் (கேமராவே பிளாஷ் அளவைக் கணக்கிடும் முறை) போட்டு, அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் பிளாஷ் காம்பன்சேஷனை மைனஸ் 1 ஸ்டாப்பில் வைத்து ஒன்று எடுங்கள். கண்ணுக்குக் கீழே விழும் நிழல், தொப்பி போடும் நிழல் எல்லாம் லேசாகிவிடும். பிளாஷ் அடித்ததே தெரியாது. முகம் இன்னும் பளபளவென்று ஒட்டவைத்த மாதிரி இருந்தால் மைனஸ் 1.7 வரை இறக்குங்கள். ஆட்களை வெயிலைப் பார்த்து நிற்க வைக்காதீர்கள், கண்ணைச் சுருக்குவார்கள். முதுகில் வெயில் படும்படி நிறுத்தினால் தலைமுடியில் ஒளி விளிம்பு கிடைக்கும், முகத்தைப் பிளாஷ் பார்த்துக்கொள்ளும்.

எஃப் 2.8 வேண்டுமே என்றால் ஹை ஸ்பீடு சிங்க் என்ற வசதி இருக்கிறது. பிளாஷ் ஒரே அடியாக மின்னாமல் படபடவென்று தொடர்ந்து துடிக்கும். ஷட்டரை 1/3200-க்குக்கூடக் கொண்டுபோகலாம். ஆனால் சும்மா வராது. பவர் இரண்டு ஸ்டாப்போ அதற்கு மேலோ விழுந்துவிடும், பிளாஷும் சீக்கிரம் சூடாகும். இரண்டு மீட்டருக்குள் நிற்கும் ஒருவரை எடுக்க அருமை. தள்ளி நிற்கும் பெரிய குரூப்புக்கு நம்பாதீர்கள்.

தூரம்தான் புதியவர்கள் மறந்துபோகும் விஷயம். தூரம் இரட்டிப்பானால் பிளாஷ் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். உங்கள் பிளாஷின் கைடு நம்பரை (அதன் சக்தியைச் சொல்லும் எண்) அபெர்ச்சரின் எஃப் எண்ணால் வகுத்தால், ஐஎஸ்ஓ 100-இல் முழுப் பவரில் எத்தனை மீட்டர் எட்டும் என்று தெரியும். 40 என்றால் எஃப் 11-இல் சுமார் மூன்றரை மீட்டர். பெட்டியில் 60 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது பிளாஷ் தலையை 200 மி.மீ. ஜூமுக்குக் குவித்து அளந்த கணக்கு. அதனால் மேடை ஓரத்தில் நின்று எடுங்கள், கடைசி வரிசையிலிருந்து வேண்டாம்.

இன்னொன்று. வெளியில் பலர் பிளாஷ் தலையை வானத்தைப் பார்த்துத் திருப்பி, மேலே வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைக் குமிழ் டிஃப்யூசரையும் மாட்டியிருப்பதைப் பார்க்கலாம். திறந்தவெளியில் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பக் கூரை ஏது? பறவைகளுக்குத்தான் வெளிச்சம் போகும். தலையை நேராக வையுங்கள், குமிழைப் பையில் போடுங்கள்.

வெயில் இறங்கியதும் கணக்கு தலைகீழ். எஃப் 11-லேயே விட்டால் பின்னால் கன்னங்கரேல் என்றாகி, ஆட்கள் மட்டும் வெள்ளையாக நிற்பார்கள். எஃப் 4, ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/60 என்று வந்து பாருங்கள். ஷட்டரைக் குறைத்தால் பின்னணி விளக்குகள் தெரியும். முகத்தில் விழும் பிளாஷ் அளவு ஏறக்குறைய மாறாது, அது மின்னும் நேரம் அவ்வளவு சின்னது. மாலை ஒளி மஞ்சளாக இருக்கும், பிளாஷ் வெள்ளையாக அடிக்கும், முகம் மட்டும் நீலம் பாய்ந்த மாதிரி வரும். பிளாஷ் முகப்பில் ஒரு ஆரஞ்சு ஜெல் தாளை (ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்) ஒட்டினால் சரியாகிவிடும். மிகச் சின்னப் பொருள், ஆனால் என் பையில் நான் மறக்காமல் வைப்பது அதுதான்.

பேட்டரி டபுள் ஏ வகை என்றால், ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வாங்குங்கள். சாதாரண அல்கலைனில் அடுத்த அடிக்குத் தயாராக நேரம் இழுக்கும். அதற்குள் கேக் வெட்டி முடித்துவிடுவார்கள். இரண்டு செட் கொண்டுபோங்கள். அதற்கு முன், இந்த வாரமே ஒரு நாள் மதியம் வீட்டில் யாரையாவது வெயிலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து ஐம்பது படம் எடுத்துப் பாருங்கள்.