வாசகர் கேள்வி: லடாக் ஏரிகளுக்கு எவ்வளவு அவகாசம் வேண்டும்?

கேள்வி: ஜூலையில் குடும்பத்தோடு லடாக் போகிறோம். விமானத்தில் லே இறங்கி, மறுநாளே பாங்கோங், அதற்கடுத்த நாள் த்சோ மொரிரி என்று ஏஜென்ட் திட்டம் போட்டிருக்கிறார். அப்பாவுக்கு 66 வயது, பிபி மாத்திரை சாப்பிடுகிறார். சரிவருமா? – ஒரு வாசகி, கோவை.

பதில்: சரிவராது. அப்பாவுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும்தான். லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரம். கோவையிலிருந்து போய் இறங்கும் உடம்பு அதற்குப் பழகும் முன்பே, 5,300 மீட்டருக்கு மேலிருக்கும் சாங் லா கணவாயைக் கடந்து பாங்கோங் கரையில், 4,200 மீட்டருக்கு மேல் தூங்க வைக்கிறார் அந்த ஏஜென்ட். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் இப்படித்தான் ஆரம்பிக்கும். இந்த அறிகுறிகள் இருக்கும்போது மேலே ஏறவே கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடுராத்திரியானாலும் உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் த்சோ மொரிரிதான். லேயில் குறைந்தது மூன்று இரவு தங்கிவிட்டு, சிந்து நதியை ஒட்டியே போகும் சாலையில் சுமத்தாங் வரை போய், வெந்நீர் ஊற்று இருக்கும் அந்த ஊரில் ஒரு இரவு தங்குங்கள், லேவுக்கும் ஏரிக்கும் நடுவான உயரம் அது என்பதால் உடம்புக்கு ஒரு படி கிடைக்கும். அப்புறம்தான் த்சோ மொரிரி கரையில், 4,500 மீட்டரில் இருக்கும் கொர்சோக் கிராமம். கிளம்பும் முன் அப்பாவின் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், மலை உயரத்தால் வரும் உபாதைக்கான மாத்திரையும் அவர் சொன்னால் மட்டும்.

மழையே அபூர்வமான மலைப் பாலைவனம் லடாக், ஏரித் தண்ணீரும் உவர்ப்பு. ஆனால் பனி உருகி வரும் ஓடைகள் ஏரியில் சேரும் இடத்தில் பச்சைப்பசேலென்று சதுப்பு. கருங்கழுத்துக் கொக்கு கூடு கட்டுவது அங்கேதான். தரையோடு தரையாக இருக்கும் கூடு, அதில் பெரும்பாலும் இரண்டே முட்டை. ஆள் நெருங்கிப் பறவை எழுந்துவிட்டால் சுற்றித் திரியும் நாய்கள் முட்டையைத் தின்றுவிடுகின்றன. போட்டோவுக்காக வண்டியைக் கரைவரை இறக்கச் சொல்லாதீர்கள், டிரைவரே இறக்கினாலும் தடுங்கள். பைனாகுலர் கொண்டுபோனால் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

ஜூலையிலும் ராத்திரி குளிர் கடுமையாக இருக்கும், ஸ்வெட்டர் மட்டும் போதாது. பணத்தை லேயிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.