பாஸ் எடுப்பதா, பங்கு வாங்குவதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் கேளிக்கைப் பூங்காக் கடிதங்கள் வந்துவிடும். இந்த முறை பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்: ஆண்டு பாஸ் எடுப்பதைவிட, பூங்கா நடத்தும் நிறுவனத்தின் பங்கை வாங்கிச் சலுகை பெறுவது மேலானதா? பெரும்பாலோருக்கு இல்லை. ஏன் என்று கடிதம் கடிதமாகச் சொல்கிறேன்.

கேள்வி: லெகோலாண்டு, லண்டன் ஐ போன்றவற்றை நடத்தும் மெர்லின் நிறுவனம் 2013இல் பங்கு வெளியிட்டபோது ஆயிரம் பவுண்டுக்கு வாங்கினோம். பங்குதாரர் என்பதால் ஆண்டு பாஸில் தள்ளுபடி கிடைத்துவந்தது. இப்போது கடிதமே வருவதில்லை. எங்கே விண்ணப்பிக்க வேண்டும்? (ஹாரோ, லண்டன்)

எங்கும் விண்ணப்பிக்க முடியாது, அம்மா. மெர்லின் இப்போது பங்குச் சந்தையிலேயே இல்லை. லெகோ குடும்பத்தின் கிர்க்பி, பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம், கனடாவின் ஓய்வூதிய நிதி ஆகிய மூவரும் சேர்ந்து 2019 நவம்பரில் அதை முழுவதுமாக வாங்கிவிட்டார்கள். பங்கு ஒன்றுக்கு 455 பென்ஸ் கொடுத்தார்கள். நீங்கள் வாங்கியது 315 பென்ஸுக்கு. ஆயிரம் பவுண்டு ஏறத்தாழ 1,440 ஆகியிருக்க வேண்டும். அந்தப் பணம் எங்கே? பாஸ் தள்ளுபடியைத் தேடி எழுதியிருக்கிறீர்கள், பணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தரகர் மூலம் வாங்கியிருந்தால் அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள். காகிதப் பங்குப் பத்திரமாகக் கையில் வைத்திருந்தால், இடையில் வீடு மாறியதைப் பங்குப் பதிவாளருக்குத் தெரிவித்தீர்களா என்று பார்த்து இன்றே எழுதுங்கள்.

எல்லோருக்கும் சொல்கிறேன்: சலுகை என்பது உரிமை அன்று. நிறுவனம் கை மாறினால் அதுவும் போய்விடும்.

கேள்வி: குழந்தைகளோடு ஆண்டுக்கு இரண்டு முறை விண்ட்சர் லெகோலாண்டு போகிறோம். பாஸ் எடுக்கலாமா? (ஸ்லவ்)

இரண்டு முறைதான் என்றால் இணையத்தில் முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள். மூன்றாவது முறை போவீர்கள், அல்லது மெர்லினின் மற்ற இடங்களான செஸ்ஸிங்டன், தார்ப் பார்க், லண்டன் ஐ எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பீர்கள் என்றால் பாஸ். ஆனால் விலை குறைந்த பாஸ்களில் நுழைய முடியாத நாட்கள் உண்டு. அவை பெரும்பாலும் பள்ளி விடுமுறையில்தான் வரும். உங்கள் பிள்ளைகளும் அப்போதுதானே வீட்டில் இருப்பார்கள்? விலையைப் பார்க்கும் முன் அந்த நாட்காட்டியைப் பாருங்கள்.

கேள்வி: அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ஆர்லாண்டோ டிஸ்னி பூங்காவுக்குப் போகிறோம். டிஸ்னியின் ஒரு பங்கை வாங்கிவைத்தால் டிக்கெட்டில் எவ்வளவு குறையும்? (அண்ணா நகர், சென்னை)

ஒரு பைசாவும் குறையாது. டிஸ்னி தன் பங்குதாரருக்கு டிக்கெட் தள்ளுபடி தருவதில்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் கட்டணம், டாலர் மாற்றுக் கட்டணம், லாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரும் ஈவுத்தொகையில் அமெரிக்கா பிடிக்கும் 25 சதவீத வரி, பிறகு இந்திய வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்து என்று காட்ட வேண்டிய பொறுப்பு: ஒரு பங்குக்காக இத்தனையும் வேண்டாம்.

கேள்வி: நாங்கள் நிஷிகசாயில் இருக்கிறோம். டோக்கியோ டிஸ்னி பக்கத்தில்தான். அங்கே இப்போது ஆண்டு பாஸ் விற்பதில்லை. ஓரியன்டல் லாண்டு பங்கை வாங்கினால் இலவச டிக்கெட் வரும், அதையும் சேர்த்தால் வங்கி வட்டியைவிட லாபம் என்று நண்பர் சொல்கிறார். குடும்பத்தில் நான்கு பேர். வாங்கலாமா? (டோக்கியோ)

நண்பரின் கணக்கைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. இதே கணக்கு வேறு பெயர்களில் எனக்கு அடிக்கடி வருவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அவர் சொன்னதில் சரியானது. டோக்கியோ டிஸ்னியை நடத்துவது அமெரிக்க டிஸ்னி அன்று. உரிமம் பெற்ற ஓரியன்டல் லாண்டு என்ற ஜப்பானிய நிறுவனம். பங்குதாரருக்குப் பரிசு அனுப்புவது ஜப்பானில் பழைய வழக்கம். அரிசி அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன, உணவகச் சீட்டு அனுப்பும் நிறுவனங்களும் இருக்கின்றன. இந்த நிறுவனம் ஒரு நாள் நுழைவுச்சீட்டு அனுப்புகிறது. ஆண்டு பாஸ் விற்பனை 2020இல் பெருந்தொற்றோடு நின்றது, திரும்ப வரவில்லை. அதனால் பங்குதான் ஒரே வழி என்று தோன்றுவதும் இயல்பு.

இனி கணக்கு. 2023 ஏப்ரலில் ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்தார்கள். அதன்பின் 500 பங்கு இருந்தால் ஆண்டுக்கு ஒரு சீட்டு. பங்கு விலையை 3,000 யென் என்று வைத்துக்கொள்வோம். 500 பங்குக்கு 15 லட்சம் யென். கிடைப்பது, கூட்டமான நாளில் 10,900 யென்னும் கூட்டம் குறைந்த நாளில் 7,900 யென்னும் விலையுள்ள ஒரு சீட்டு. பத்தாயிரம் என்றே வையுங்கள். முக்கால் சதவீதம்கூட இல்லை. ஈவுத்தொகை பங்குக்குச் சுமார் 14 யென், ஆகவே இன்னொரு 7,000. இரண்டையும் கூட்டினாலும் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும்.

வங்கி வட்டியோடு ஒப்பிடுகிறார் அல்லவா? வங்கியில் போட்ட 15 லட்சம் அடுத்த ஆண்டும் 15 லட்சமாக இருக்கும். இந்தப் பங்கு 2024 தொடக்கத்தில் 5,500 யென் அளவில் விற்றது. 2025இல் 3,000 பக்கம் இறங்கிவிட்டது. உச்சத்தில் 500 பங்கு வாங்கியவருக்குப் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் கரைந்தது. அந்தப் பணத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட சீட்டுகள் வாங்கியிருக்கலாம். நல்ல நிறுவனத்தை அளவுக்கு மீறிய விலையில் வாங்கினாலும் நட்டம்தான். சலுகைச் சீட்டை லாபத்தில் எழுதுகிறவர்கள் விலைச் சரிவை எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நான்கு பேருக்கு வேண்டும் என்கிறீர்கள். ஒரே பெயரில் 2,000 பங்கு வைத்தால் ஆண்டுக்கு இரண்டு சீட்டுதான். நால்வர் பெயரிலும் 500 வைத்தால் நான்கு. எப்படியானாலும் அறுபது லட்சம் யென் உள்ளே போகும். பிள்ளைகளின் வயதை ஏன் எழுதவில்லை? நான்கு முதல் பதினொரு வயது வரை அவர்களுக்கு டிக்கெட் 5,000 யென் அளவுதான், மூன்று வயது வரை இலவசம். சிறு பிள்ளைக்காக 15 லட்சத்தை முடக்குவது வீண்.

நீங்கள் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். வார நாளில் மாலை 5 மணிக்கு மேல் நுழையும் டிக்கெட் 4,500 முதல் 6,200 யென் வரைதான். அணிவகுப்பும் விளக்கு அலங்காரமும் பார்க்க அது போதும்.

இதற்குப் பிறகும், அந்த நிறுவனத்தின் வளர்ச்சியில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் ஜப்பானின் வரிச்சலுகை முதலீட்டுக் கணக்கான நிசாவில் வாங்குங்கள், ஈவுத்தொகைக்கு வரி இல்லை. 500 பங்குக்குக் கிடைக்கும் சீட்டுக்கான பதிவுத் தேதி மார்ச் 31. அன்றைக்கு வாங்கினால் பங்குதாரர் பதிவேட்டில் பெயர் ஏறாது, இரண்டு வேலை நாள் முன்பே வாங்கியிருக்க வேண்டும். 100 பங்கை மூன்று ஆண்டுக்கு மேல் விடாமல் வைத்திருப்பவருக்கும் ஒரு சீட்டு உண்டு. சிறிய அளவில் தொடங்க நினைப்பவர்களுக்கு அது மேல்.

கேள்வி: நான் சிங்கப்பூரிலிருந்து வெளிநாட்டுத் தரகர் மூலம் இதே பங்கை வாங்கினால் சீட்டு என் வீட்டுக்கு வருமா?

வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பங்குதாரர் பதிவேட்டில் இருப்பது தரகரின் பெயர், உங்கள் பெயர் அன்று. எந்தச் சலுகையானாலும் முதலில் பார்க்க வேண்டியது, பங்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைத்தான்.

கேள்வி: பாரிஸ் டிஸ்னி தொடங்கியபோது அப்பா யூரோ டிஸ்னி பங்கு வாங்கியிருக்கிறார். பங்குதாரர் மன்ற அட்டையும் பெட்டியில் இருக்கிறது. தள்ளுபடி கேட்கலாமா? (லா கூர்னவ்)

அட்டை நினைவுக்கு மட்டும். 1989இல் 72 பிராங்குக்கு வெளிவந்த பங்கு அது. கடன் சுமையில் ஆண்டுக்கணக்காகத் தேய்ந்தது. 2007இல் நூறு பங்கை ஒன்றாகச் சுருக்கினார்கள். கடைசியில் 2017இல் டிஸ்னி பங்குக்கு 2 யூரோ கொடுத்து மீதியை எடுத்துக்கொண்டது, அத்தோடு சந்தையிலிருந்தும் விலகியது. அப்பாவின் பங்குக் கணக்கு எந்த வங்கியில் இருந்தது என்று கண்டுபிடித்து, அந்தத் தொகை வரவானதா என்று கேளுங்கள். சலுகை அட்டை வைத்திருந்த பலர் பூங்காவை நேசித்தார்கள், ஆண்டறிக்கையைப் படிக்கவில்லை.

கேள்வி: பாஸ்தான் மேல் என்று எழுதுகிறீர்கள். கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் 1,399 டாலர் கொடுத்து, தடை நாளே இல்லாத பாஸ் வாங்கியும் விரும்பிய நாளில் நுழைய முடியவில்லையே? (இர்வைன்)

நியாயமான குறை. 2021இல் வந்த அந்த ட்ரீம் கீ பாஸில் தடை நாள் இல்லை என்றார்கள், ஆனால் முன்பதிவு கட்டாயம், அதற்கு ஒதுக்கிய இடமோ அளவானது. வழக்கு நடந்து 2023இல் 95 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பாஸ் வைத்திருந்தோர் ஒரு லட்சத்துக்கு மேல் என்பதால் ஆளுக்குக் கிடைப்பது நூறு டாலருக்கும் குறைவு. பாஸ் வாங்குபவர்கள் மூன்றைப் பாருங்கள்: தடை நாள், முன்பதிவு, வாகன நிறுத்தக் கட்டணம்.

கேள்வி: கார்னிவல் கப்பல் நிறுவனத்தில் 100 பங்கு இருந்தால் பயணத்தில் செலவழிக்கப் பணம் தருகிறார்களாமே? 200 பங்கு வைத்தால் இரு மடங்கா?

இல்லை. 100 பங்குக்கு மேல் எவ்வளவு வைத்தாலும் அறைக்கு ஒரே தொகைதான். ஏழு முதல் பதின்மூன்று நாள் பயணத்துக்கு 100 டாலர். தரகரின் கணக்கு அறிக்கையைச் சான்றாக ஏற்கிறார்கள், அந்த வகையில் இது எளிது. ஆனால் 2020 தொடக்கத்தில் 50 டாலருக்கு விற்ற பங்கு ஏப்ரலில் 8 டாலருக்கு வந்தது, ஈவுத்தொகையும் நின்றது. ஏற்கெனவே வைத்திருந்தால் புறப்படும் முன் மறக்காமல் விண்ணப்பியுங்கள். இதற்காகப் புதிதாக வாங்காதீர்கள்.