கல்வெட்டில் அம்மம்மாவின் இடம்

மதிப்பிற்குரிய ஐயா,

என் அம்மம்மா மூன்று கிழமைகளுக்கு முன் இணுவிலில் எங்கள் வீட்டிலேயே காலமானார். அவருக்கு வயது 96. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்குக் கல்வெட்டு என்னும் நினைவு மலர் அடிக்க வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் மூத்த மாமா வாழ்க்கை வரலாற்றை எழுதி அனுப்பியிருக்கிறார். அதில் அம்மம்மாவுக்கு அரைப்பக்கம்: கணவருக்கு உற்ற துணை, விருந்தோம்பலில் சிறந்தவர், எவரோடும் முகங்கோணாதவர். மீதி நான்கு பக்கங்களும் மாமாமாரின் படிப்பும் பதவிகளுமே. வாசித்தபோது வேறு யாருடையவோ அம்மம்மாவைப் பற்றி வாசிப்பதுபோல இருந்தது.

அம்மப்பாவுக்குப் பாணந்துறையில் சுருட்டுக்கடை இருந்தது. 1958 கலவரத்தில் அது எரிந்துபோக, அவர் அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார். பின்பு 'தோட்டத்தை உருவாக்கினார்' என்று மாமா எழுதுகிறார். ஆனால் அம்மம்மாவின் பெட்டகத்தில் உள்ள 1959ஆம் ஆண்டுக் காணி உறுதிப் பத்திரம் ஒன்றின்படி, தன் சீதனக் காணியில் ஆறு பரப்பை அவர் விற்றிருக்கிறார். இதை எழுதலாமா?

இன்னும் இரண்டு கேள்விகள் உண்டு. ஓலைச் சாதகத்தில் அவர் பிறந்தது சுக்கில வருடம் ஆவணி மாதம் என்றும், அடையாள அட்டையில் 1931 என்றும் இருக்கிறது, எதைப் போடுவது? அவரும் தங்கையாரும் பங்குக் கிணற்றுத் தகராறில் நெடுங்காலம் பேசாமல் இருந்தார்கள், அதைக் குறிப்பிடலாமா?

பெயரைத் தவிர்க்கவும்.

ஒரு வாசகி, இணுவில்

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் துயரில் நானும் பங்குகொள்கிறேன். அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு உங்களிடம் சில நாட்களே இருப்பதால் நேராக விடயத்துக்கு வருகிறேன்.

மாமா எழுதியதில் அன்புக் குறைவு எதுவும் இல்லை. கல்வெட்டு என்ற வடிவமே அவரை அப்படி எழுத வைத்திருக்கிறது. விநாயகர் வணக்கம், இறந்த திதியைக் குறிக்கும் திதி நிர்ணய வெண்பா, வரலாறு, மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல், இறுதியில் சில தோத்திரங்கள் என்று போகும் அந்த அமைப்பில் ஓர் ஆணின் வரலாற்றை எழுதுவது எளிது. எந்தக் கந்தோரில் சேர்ந்தார், எந்தெந்த ஊர்களுக்கு மாற்றலாகிப் போனார், எந்த ஆண்டில் ஓய்வுபெற்றார் என்று ஆண்டுகளே வரியை நகர்த்திச் செல்லும். உத்தியோகம் பார்க்காத ஒரு பெண்ணைப் பற்றி எழுதும்போது பிடித்துக்கொள்ள அந்த ஆண்டுகள் இல்லையென்று எண்ணி, எழுதுபவர் குணங்களின் பட்டியலுக்குப் போய்விடுகிறார். பொறுமையும் விருந்தோம்பலும் யாழ்ப்பாணத்தில் அச்சான எல்லா அம்மாக்களின் கல்வெட்டுகளிலும் இருப்பவை. பெயரை மாற்றினால் அடுத்த வீட்டுக்கும் பொருந்தும். உங்கள் அம்மம்மாவுக்கோ ஆண்டுகள் இருக்கின்றன, அவை அவர் பெட்டகத்துக்குள்ளேயே இருக்கின்றன.

ஆகவே 1959ஆம் ஆண்டு உறுதியை எழுதத்தான் வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு முன் அதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தை விற்பதற்கும் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அதனால் அந்த உறுதியில் அம்மப்பாவின் கையொப்பமும் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'காணியை அப்பாதான் விற்றார்' என்று யாராவது சொன்னால், சம்மதித்தவர் வேறு, உடைமைக்காரர் வேறு என்பதை எடுத்துச் சொல்லுங்கள்.

விற்பனையின் கனத்தை உணர அந்தக் காலத்து வழக்கத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சீதனக் காணி தாயிடமிருந்து மகளுக்குப் போவதற்கென்றே இருப்பது; வீட்டில் பெண் பிள்ளைகள் இருக்கையில் அதில் ஆறு பரப்பை விற்பதென்றால், நாளைக்கு அந்தப் பிள்ளைகளின் கலியாணப் பேச்சில் என்ன சொல்வது என்ற கேள்வியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டே விற்க வேண்டும். கடையை இழந்து கையில் எதுவுமில்லாமல் வந்திறங்கிய கணவர், சிறு பிள்ளைகள், அடுத்த ஆண்டே இந்த உறுதி. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கையில், தோட்டத்தை உருவாக்கியவர் அம்மப்பா மட்டுமே என்று எழுத எனக்குக் கை வராது. ஆனால் விற்ற பணம் எதற்குப் போனது என்பதை உறுதி சொல்லாது. கிணறு வெட்டவா, சுண்ணக் கல்லுக்கு வெடி வைக்கவா, துலாவை விட்டு இறைப்பு இயந்திரத்துக்கு மாறவா, கடனை அடைக்கவா என்பதை ஊரில் இருக்கும் எண்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள். யாருக்கும் தெரியாவிட்டால் விற்றார் என்பதோடு நிறுத்திவிடுங்கள்; மிச்சத்தைக் கற்பனையால் நிரப்ப வேண்டாம்.

பெட்டகத்தில் 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட உறுதிகள் ஏதாவது இருக்கின்றனவா என்றும் தேடிப் பாருங்கள். சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்திய அந்த ஆண்டுகளில், பாணுக்கு வரிசையில் நின்ற அதே நாடு யாழ்ப்பாணத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கொடுத்தது. வலிகாமத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்தவர்கள் கல்வீடு கட்டியதும் காணி வாங்கியதும் பெரும்பாலும் அப்போதுதான். அந்தக் காலத்தில் அவர் பெயரில் வாங்கிய உறுதி ஒன்று கிடைத்தால், விற்ற ஆறு பரப்புக்கு அவர் எப்படி ஈடு செய்தார் என்பதும், உங்கள் அம்மாவின் சீதனம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரியவரும்.

மாமாமாரின் பதவிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் அவை அம்மம்மாவின் கதைக்குள் வர வேண்டும். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது அவருக்குப் பதினாறு வயதளவில் இருந்திருக்கும். எந்த வகுப்போடு அவரை மறித்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பிள்ளைகள் அந்தக் கல்வியால்தான் மேலே வந்தார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டணம் இல்லாவிட்டாலும் கொப்பிக்கும் சப்பாத்துக்கும் பஸ்ஸுக்கும் ரியூசனுக்கும் காசு வேண்டும். அது தோட்டத்திலிருந்துதான் வந்திருக்கும். மாமாவின் நான்கு பக்கங்களை ஒரு பக்கமாக்கி இந்த இடத்தில் சேர்த்தால், அவரே அதை மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

போரால் வலிகாமமே இடம்பெயர்ந்த 1995ஐ எல்லாக் கல்வெட்டுகளும் 'இடப்பெயர்வின் துயரங்களையும் தாங்கினார்' என்ற ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பக்கம் நகர்ந்தபோது உங்கள் அம்மம்மாவுக்கு 66 வயது. யார் கையைப் பிடித்து நடந்தார், மாட்டை அவிழ்த்துவிட்டாரா, தென்மராட்சியில் யார் வீட்டில் தங்கினார், 1996இல் திரும்பி வந்தபோது வீடு எப்படி இருந்தது என்பவற்றை உங்கள் அம்மா சொல்லுவார். ஒன்றை மட்டும் இப்போதே எழுதிவிடலாம்: அந்த உறுதிகளும் ஓலைச் சாதகமும் இன்றைக்கு உங்கள் கையில் இருக்கின்றன என்றால், அந்த இரவைத் தாண்டியும் அவற்றை யாரோ காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அது அம்மம்மா இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்?

பிறந்த ஆண்டைப் பற்றி எனக்கு ஐயமில்லை. அறுபது வருட வட்டத்தில் முதலாவதான பிரபவ வருடம் 1927இல் தொடங்கியது. மூன்றாவதான சுக்கில வருடம் 1929 சித்திரையில் பிறக்கும். ஆகவே சுக்கில ஆவணி என்பது 1929 ஓகஸ்ட் நடுப்பகுதிக்கும் செப்டெம்பர் நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட காலம். நீங்கள் சொல்லும் 96 வயதும் இதற்கே பொருந்துகிறது. ஓலை, பிள்ளை பிறந்த நேரத்தைக் கேட்டுக் கணித்தது. அடையாள அட்டை அவர் நாற்பதைக் கடந்த பிறகு, 1970களில் நாட்டுக்கு வந்தது. சாதகத்தையே நம்புங்கள். திதி வெண்பாவையும் விட்டுவிடாதீர்கள். இப்போது அதை வாசிப்பவர் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுத் திவசத்துக்கு நாள் பார்க்கும்போது கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகள் தேடப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

தங்கையாருடனான பகையைக் குறிப்பிட வேண்டாம். வீட்டுக்கிருத்தியத்தன்று கல்வெட்டைப் படிக்கும்போது அவரோ அவருடைய பிள்ளைகளோ அந்தப் பந்தலுக்குள் இருப்பார்கள், அம்மம்மாவின் பக்கத்து நியாயத்தைச் சொல்ல அம்மம்மா இல்லை. ஆனால் 'எவரோடும் முகங்கோணாதவர்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். கிணற்றடிக் கதை தெரிந்த ஊருக்கு முன்னால் அந்த வரியைப் படித்தால், அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் எழுதிய உண்மைகளையும் நம்பாமல் போவார்கள். சகோதரர்கள் பெயர் வரும் இடத்தில் தங்கையாரின் பெயரை விடாமல், வயது வரிசைப்படி போடுங்கள். கல்வெட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் முதல் வீடும் அவருடையதாக இருக்கட்டும்.

அச்சடித்த பின் ஒரு பிரதியை நூலகம் நிறுவனத்துக்குக் கொடுத்துவிடுங்கள். நினைவு வெளியீடுகளை அவர்கள் எண்ணிமப்படுத்தி இணையத்தில் வைக்கிறார்கள். எழுதியதை எனக்கு அனுப்பினால் ஒற்றுப்பிழை பார்த்துத் தருகிறேன். ஆனால் முதலில் மூத்த மாமாவுக்கு அனுப்புங்கள், 1959 உறுதியின் படத்தையும் சேர்த்து. அவர் அப்போது சிறு பையன். வீட்டில் அந்த நாட்களில் நடந்த பேச்சு ஏதாவது அவருக்கு நினைவிருக்கக்கூடும்.