தபால்தலை வாங்கினால் வங்கிக்கு எவ்வளவு? காரைக்குடி சேகரிப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி வட்டாரத்தில் தபால்தலை, நாணயம் சேர்க்கும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஆன்லைனில் வாங்கும்போது பொருளின் விலைக்கு மேலே போகும் காசைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். வங்கி வேலையில் இருந்தவன், தபால்தலைப் பித்தும் உண்டு என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

லண்டன் வியாபாரியிடம், பர்மா என்று ஓவர்பிரிண்ட் (அச்சான தலையின்மேல் மறுபடி அச்சு) அடித்த 1937 தபால்தலைகள் வாங்கினேன். கணக்குப்படி பத்தாயிரம் ரூபாய். கார்டு பில்லில் நானூறு சொச்சம் கூட வந்திருக்கிறது. யார் எடுத்தது? (கோட்டையூர்)

உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிதான். வெளிநாட்டு நாணயத்தில் செலவு செய்தால் பல கார்டுகளில் 3.5 சதவீதம் மார்க்-அப், அதாவது நாணய மாற்றுக்கான கூடுதல் கட்டணம், உண்டு. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பத்தாயிரத்துக்கு 350, வரி 63, ஆக 413 ரூபாய். லண்டன்காரருக்கு இதில் ஒரு பைசா போகாது.

இது எல்லாக் கார்டுக்கும் ஒன்றல்ல. சிலவற்றில் 2 சதவீதம், சிலவற்றில் ஒன்றுமே இல்லை. வீட்டில் நாலு கார்டு இருந்தால் ஒவ்வொன்றின் கட்டண அட்டவணையிலும் அந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள். மார்க்-அப் இல்லை என்ற ஆசையில் வருடச் சந்தா 3,000 ரூபாய் உள்ள கார்டை எடுத்துவிடாதீர்கள். வருடத்துக்கு சுமார் 86,000 ரூபாய்க்கு மேல் வெளிநாட்டில் வாங்கினால்தான் அந்தச் சந்தா கட்டுபடியாகும். நம்மில் எத்தனை பேர் அவ்வளவு வாங்குகிறோம்?

(இன்னொரு செய்தி: இந்தியாவிலிருந்து பர்மா பிரிந்த அதே 1937இல்தான், அந்நியச் செலாவணியை முக்கியத் தொழிலாக வைத்து, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறக்கப்பட்டது. இந்தக் கணக்கெல்லாம் நம்மூருக்குப் புதிதில்லை.)

பேபால் என்ற ஆன்லைன் பணம் கட்டும் தளத்தில் டாலர் விலையை ரூபாயாகவே மாற்றிக் காட்டுகிறது. ரூபாயில் கட்டினால் மார்க்-அப் தப்பும் இல்லையா? (பள்ளத்தூர்)

அங்கேதான் மாட்டுகிறோம். அந்த ரூபாய்த் தொகைக்குள்ளேயே பேபால் தன் பங்காக 3, 4 சதவீதத்தைச் சேர்த்துவிட்டிருக்கும். தனி வரியாகக் காட்டாததால் கண்ணில் படாது. பணம் கட்டும் பக்கத்தில் தொகைக்குக் கீழே, நாணய மாற்று பற்றிச் சின்ன எழுத்தில் ஒரு இணைப்பு இருக்கும். அதைத் திறந்து, விற்பவரின் நாணயத்திலேயே கார்டில் பற்று வைக்கும்படி மாற்றுங்கள். அப்போது உங்கள் கார்டின் மார்க்-அப் மட்டும்தான். குறைந்த மார்க்-அப் கார்டு வைத்திருப்பவருக்கு இதில் நல்ல மிச்சம்.

வேறு வெளிநாட்டுத் தளங்கள் ‘ரூபாயில் கட்டுகிறீர்களா?’ என்று கேட்டாலும் இதே பதில்தான். ரூபாயில் கட்டினாலும், கடை வெளிநாட்டில் பதிவானது என்று தனிக் கட்டணம் போடும் வங்கிகளும் உண்டு. அப்புறம் இரண்டு பக்கமும் அடி.

கோயம்புத்தூர் நாணய வியாபாரி, யுபிஐ-யில் அனுப்பினால் 2 சதவீதம் சேர்த்து அனுப்பச் சொல்கிறார். கொடுக்கலாமா? (தேவகோட்டை ஆச்சி ஒருவர்)

வேண்டாம் ஆச்சி. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாகக் கடைக்குப் போகும் பணத்துக்கு 2020 ஜனவரி 1 முதல், வியாபாரி வங்கிக்குக் கட்டும் கட்டணம் கிடையாது. ரூபே டெபிட் கார்டுக்கும் அப்படியே. அவருக்கு இல்லாத செலவை உங்களிடம் ஏன் கேட்கிறார் என்று கேளுங்கள். யுபிஐ-யில் ரூபே கிரெடிட் கார்டை இணைத்து, 2,000 ரூபாய்க்கு மேல் கட்டினால் மட்டும் அவருக்குச் செலவு உண்டு. அதனால் கணக்கிலிருந்தே அனுப்பிவிடுங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால், வங்கிக் கணக்கிலிருந்து கணக்குக்கு அனுப்பும் நெஃப்ட் இருக்கிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து ஆன்லைனில் அனுப்ப அதற்கும் கட்டணம் இல்லை.

தபால்தலைகளைப் படம் எடுக்க மேக்ரோ லென்ஸ் வாங்க வேண்டும். நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் உண்மையிலேயே செலவில்லையா? (காரைக்குடி)

வட்டியைத் தள்ளுபடியாகத் திருப்பித் தருவார்கள். அந்த வட்டிக்கான 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். பெரும்பாலும் பிராசசிங் கட்டணமும் உண்டு. கையில் காசு இருந்தால் மொத்தமாகக் கட்டிவிடுங்கள்.

தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். அவன் அங்கே டாலரில் கட்டட்டும், நான் இங்கே அவன் மாமியாரிடம் ரூபாயாகக் கொடுத்துவிடுகிறேன். கமிஷனே இல்லையே? (கானாடுகாத்தான்)

உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) எழுதியே கடல் தாண்டிப் பணம் அனுப்பிய ஊரில் இந்த யோசனை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் இங்கே ரூபாய் கொடுத்து அங்கே டாலரை ஈடு செய்வது இன்றைக்கு ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தில் போய் நிற்கும். 400 ரூபாய்க்காக அந்த வம்பு வேண்டாம். நம் யுபிஐ-யையும் சிங்கப்பூரின் பேநவ் சேவையையும் சேர்த்து 2023 பிப்ரவரியில் வந்த இணைப்பும் இதற்கு உதவாது. குடும்பச் செலவுக்கும் அன்பளிப்புக்கும்தான் அதில் அனுப்பலாம். தம்பி தன் காசில் வாங்கி உங்களுக்குப் பரிசாகக் கொடுத்தால் அது வேறு விஷயம்.

பினாங்கு விற்பனையாளர் ஒருவர், பேபால் வேண்டாம், வங்கிக்கு நேராக அனுப்பினால் 5 சதவீதம் குறைக்கிறேன் என்கிறார். 8,000 ரூபாய்ச் சரக்கு, ஜப்பானிய ஆக்கிரமிப்புக் கால ஓவர்பிரிண்ட். (கொத்தமங்கலம்)

குறைவது 400 ரூபாய். வெளிநாட்டுக்கு வங்கி வழியாக அனுப்பப் படிவம், நம் வங்கியின் கமிஷன், அதற்கு ஜிஎஸ்டி. நடுவில் வரும் வங்கியும் கொஞ்சம் கிள்ளும். அந்த 400 இதிலேயே கரைந்துவிடும்.

காசைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ஆக்கிரமிப்புக் கால ஓவர்பிரிண்ட்களில் போலி ஏராளம். அசல் மலாயா தபால்தலையின்மேல் பின்னாளில் முத்திரை குத்தி விற்பார்கள். மையின் நிறத்தையும் எழுத்தின் ஓரத்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், அதுவும் சரக்கு கைக்கு வந்த பிறகு. பேபாலில் கட்டியிருந்தால் 180 நாளுக்குள் புகார் கொடுக்கலாம், கார்டிலும் வங்கி மூலம் தகராறு எழுப்பலாம். நேராக அனுப்பிய பணத்துக்கு அந்த வழி இல்லை. நானாக இருந்தால் இந்த ஒரு இடத்தில் கட்டணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் வாங்குவேன்.

புதிதாக வெளியாகும் இந்தியத் தபால்தலைகளுக்கும் ஒவ்வொரு முறையும் ஆன்லைனில்தான் கட்ட வேண்டுமா? (புதுவயல்)

வேண்டியதில்லை. தபால் துறையில் சேகரிப்பாளர்களுக்கு வைப்புக் கணக்கு உண்டு. 200 ரூபாய் கட்டித் தொடங்கலாம். வெளியாகும் தலைகளில் உங்களுக்கு என்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் தபாலிலேயே வீட்டுக்கு வரும், விலையைக் கணக்கில் கழித்துக்கொள்வார்கள். காரைக்குடி தலைமைத் தபால் நிலையத்தில் படிவம் கேளுங்கள். கணக்கில் மீதி குறையாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.