‘ஐ ஆம் வார்னிங் யூ’ என்று மெயில் போட்டேன், மேலாளருக்குக் கோபம் வந்துவிட்டது

கேள்வி: மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சப்போர்ட் பிரிவில் வேலை பார்க்கிறேன். பராமரிப்புக்காக இரவு இரண்டு மணி நேரம் சர்வரை நிறுத்த வேண்டியிருந்தது. அதை மேலாளருக்குத் தெரியப்படுத்த, ‘ஐ ஆம் வார்னிங் யூ தட் தி சர்வர் வில் பி டவுன் டுநைட்’ என்று மெயில் அனுப்பினேன். “என்ன, மிரட்டுகிறாயா?” என்று பதில் வந்தது. அகராதியில் ‘வார்ன்’ என்றால் ‘எச்சரிக்கை செய்’ என்றுதானே இருக்கிறது? ‘காஷன்’ என்று போட்டிருக்க வேண்டுமா? எதை எங்கே போடுவது?

பதில்: உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. பிழை இருந்திருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார். பிழையில்லாமல் இருந்ததால்தான் நீங்கள் வேண்டுமென்றே சொன்னதாக எடுத்துக்கொண்டார்.

‘ஐ ஆம் வார்னிங் யூ’ என்பது ஆங்கிலத்தில் விரலை உயர்த்திச் சொல்கிற வாக்கியம். இரண்டு முறை சொல்லியும் கேட்காத பிள்ளையிடம் தாய் மூன்றாவது முறை சொல்வது. சண்டை முற்றும்போது ஒருவர் மற்றவரிடம் சொல்வது. தமிழில் “சொல்லிட்டேன், ஆமா!” என்று முடிக்கிறோமே, கிட்டத்தட்ட அந்தத் தொனி. அகராதியைக் குறை சொல்வதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். அதே மெயிலைத் தமிழில் எழுதியிருந்தால் ‘உங்களை எச்சரிக்கிறேன், இன்றிரவு சர்வர் ஓடாது’ என்றா எழுதியிருப்பீர்கள்? ‘முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இன்றிரவு சர்வர் நிற்கும்’ என்றுதான் எழுதியிருப்பீர்கள். தமிழிலும் எச்சரிப்பது வேறு, முன்கூட்டிச் சொல்வது வேறுதான். ஆங்கிலத்துக்குப் போனதும் அந்த வித்தியாசம் கையிலிருந்து நழுவிவிட்டது.

வார்ன் என்ற வினைக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: கேட்கிற ஒரு ஆள், அவரை நோக்கி வருகிற ஒரு கெடுதல், அதைத் தவிர்க்க இன்னும் மிச்சமிருக்கிற நேரம். பழைய ஆங்கிலத்திலிருந்தே புழங்கிவரும் சொல் இது. ‘அவேர்’, ‘பிவேர்’, உஷாராக இருப்பதைச் சொல்லும் ‘வேரி’ எல்லாம் இதற்குச் சொந்தக்காரச் சொற்கள். ஜெர்மன் மொழியின் ‘வார்னன்’ உடன்பிறப்பு. இந்தக் குடும்பம் முழுவதிலும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்கிற பொருள் ஓடுகிறது.

அப்படியானால் மிரட்டல் எங்கிருந்து வந்தது? கெடுதல் யார் கையில் இருக்கிறது என்பதிலிருந்து. ‘அந்த நாய் கடிக்கும்’ என்று வழிப்போக்கர் சொன்னால் எச்சரிக்கை. நாய்ச் சங்கிலியைக் கையில் பிடித்திருப்பவர் அதையே சொன்னால் யோசிக்க வேண்டியிருக்கிறது. மொழித் தத்துவவாதி ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இதற்குப் பக்கத்தில் வருகிற ஒரு உதாரணம் உண்டு: ‘வயலில் ஒரு காளை நிற்கிறது.’ அது வெறும் வர்ணனையா, எச்சரிக்கையா என்பதை வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. யார், யாரிடம், எந்த இடத்தில் சொல்கிறார் என்பதுதான் தீர்மானிக்கும். இப்போது உங்கள் மெயிலைப் பாருங்கள். சர்வரை நிறுத்தப் போவது யார்? நீங்கள் இருக்கிற பிரிவு! சங்கிலி உங்கள் கையில்தான் இருக்கிறது. அதே வாக்கியத்தை வேறு பிரிவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தால் மேலாளருக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

சரி, என்ன எழுதியிருக்கலாம்? வார்ன் வேண்டும் என்றே வைத்துக்கொண்டால் ‘ஐ ஷுட் வார்ன் யூ தட்...’ என்று தொடங்கலாம். இந்த ‘ஷுட்’ சின்னச் சொல்தான், ஆனால் ‘சொல்ல வேண்டியது என் கடமை, அதனால் சொல்கிறேன்’ என்ற பணிவைக் கொண்டுவந்துவிடும். நெருக்கமானவர்களிடம் ‘ஜஸ்ட் டு வார்ன் யூ’ போதும். ஆனால் உங்கள் இடத்தில் நானாக இருந்தால் வார்ன் பக்கமே போயிருக்க மாட்டேன். திட்டமிட்ட பராமரிப்பு ஆபத்தில்லை, வெறும் தகவல். ‘ப்ளீஸ் நோட் தட் தி சர்வர் வில் பி டவுன் டுநைட்’, கொஞ்சம் இலகுவாக வேண்டுமென்றால் ‘ஜஸ்ட் எ ஹெட்ஸ்-அப்’. முடிந்தது வேலை. சர்வர் நிற்கும்போது யாராவது சேமிக்காமல் வைத்திருக்கிற கோப்பு அழிந்துவிடும் என்றால் அப்போது வார்ன் பொருந்தும். ‘ஐ ஷுட் வார்ன் யூ தட் அன்சேவ்ட் ஒர்க் வில் பி லாஸ்ட்’ என்றால் யாருக்கும் கோபம் வராது, நன்றிதான் வரும்.

அப்புறம் இந்த வினையை வாக்கியத்தில் உட்கார வைக்கிற விதம். நம்மவர்கள் எழுதுகிற ஆங்கிலத்தைத் திருத்துவது என் பிழைப்பு. வார்ன் வருகிற இடத்தில் அதிகம் தட்டுப்படுவது ‘ஐ வார்ன்ட் டு ஹிம்’. ‘அவனுக்குச் சொன்னேன்’ என்று மனசுக்குள் ஓடுவதால் அந்த ‘டு’ வந்து ஒட்டிக்கொள்கிறது போலிருக்கிறது. இத்தனைக்கும் தமிழ் இங்கே சரியான வழியைக் காட்டுகிறது. நாம் ‘அவனை எச்சரித்தேன்’ என்றுதானே சொல்கிறோம்? அந்த ‘ஐ’ வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டால் ‘ஐ வார்ன்ட் ஹிம்’ தானாக வந்துவிடும். அடுத்தது ‘ஐ வார்ன்ட் ஹிம் டோன்ட் கோ’. ‘போகாதே என்று எச்சரித்தேன்’ என்பதன் நேர்நகல் இது. ஆங்கிலத்தில் ‘ஐ வார்ன்ட் ஹிம் நாட் டு கோ’.

கூடவே வருகிற சின்னச் சொற்களில்தான் நிஜமான சுவாரஸ்யம். ‘வார்ன் ஆஃப்’ (ஒரே ஒரு ‘எஃப்’ உள்ள ‘ஆஃப்’) என்றால் வரப்போவதைச் சொல்வது. செய்தித்தாள் ஆங்கிலத்தில் வெள்ளம், பஞ்சம், பங்குச் சரிவு எல்லாவற்றுக்கும் இதுதான். ‘வார்ன் அபவுட்’ பேச்சு வழக்குக்குப் பக்கத்தில் இருப்பது. ஒரு ஆளைப் பற்றியோ ஒரு பழக்கத்தைப் பற்றியோ சொல்லிவைப்பது: ‘ஷி வார்ன்ட் மீ அபவுட் ஹிம்.’ ‘வார்ன் அகெய்ன்ஸ்ட்’ என்றால் செய்யாதே என்பது. இதில் ஒரு ‘நாட்’ ஏற்கெனவே ஒளிந்திருக்கிறது. அதனால் ‘ஹி வார்ன்ட் அகெய்ன்ஸ்ட் நாட் சைனிங்’ என்று எழுதினால் கையெழுத்துப் போடாமல் இருந்துவிடாதே என்று தலைகீழாகிவிடும். அவசரத்தில் எழுதும்போது இப்படி ஆவது உண்டு, நானே ஒரு முறை செய்திருக்கிறேன்.

‘ஃபார்’ வந்தால் கதையே மாறுகிறது. ‘ஹி வாஸ் வார்ன்ட் அபவுட் பீயிங் லேட்’ என்றால் தாமதமாக வராதே என்று சொல்லப்பட்டது. ‘ஹி வாஸ் வார்ன்ட் ஃபார் பீயிங் லேட்’ என்றால் தாமதமாக வந்துவிட்டான், அதற்காகக் கண்டிக்கப்பட்டான். முன்னது பொதுவாக இனி நடக்கப் போவதைப் பார்க்கிறது, பின்னது நடந்து முடிந்ததை. அலுவலகத்தில் ‘வார்னிங் லெட்டர்’ என்று பேச்சு வரும்போது பெரும்பாலும் இந்தப் பின்னதுதான். தமிழில் அங்கே ‘எச்சரிக்கை’ என்று போட்டாலும் உள்ளே இருப்பது கண்டனம்.

ஆளைச் சொல்லாமல் ‘எக்ஸ்பர்ட்ஸ் வார்ன் தட்...’ என்று தொடங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. கண்டிப்பான பழைய பாணிக்காரர்கள் ஏற்க மாட்டார்கள், யாரை என்று கேட்பார்கள். செய்தி ஆங்கிலம் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை. தாராளமாக எழுதுங்கள்.

இனி காஷன். இதில் நான் சூடு பட்டிருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு இயந்திரக் கையேட்டைத் தமிழாக்கினேன். ஒரு பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பட்டையில் ‘வார்னிங்’, அதற்குக் கீழேயே மஞ்சள் பட்டையில் ‘காஷன்’. இரண்டுக்கும் ‘எச்சரிக்கை’ என்றே போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டேன். சரிபார்த்த பொறியாளர் இரண்டையும் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் எழுதியிருந்தார்: ‘ஒன்றில் கை போகும், இன்னொன்றில் தோல்தான் உரியும். எது எது என்று ஆபரேட்டருக்கு எப்படித் தெரியும்?’

அவர் சொன்னது உண்மை. பாதுகாப்புப் பலகைகளுக்கான அமெரிக்கத் தர விதியான அன்சி இசட்535 இந்தச் சொற்களுக்குப் படிநிலை வைத்திருக்கிறது. ‘டேஞ்சர்’ சிவப்பு: தவிர்க்காவிட்டால் மரணமோ படுகாயமோ நேரும். ‘வார்னிங்’ ஆரஞ்சு: அதே விளைவு நேரக்கூடும். ‘காஷன்’ மஞ்சள்: சிறிய அல்லது நடுத்தரக் காயம் ஏற்படக்கூடும். ஆளுக்கு ஒன்றும் ஆகாது, பொருள் மட்டும் பாழாகலாம் என்றால் நீல நிறத்தில் ‘நோட்டீஸ்’. அன்றிலிருந்து நான் முறையே ‘அபாயம்’, ‘எச்சரிக்கை’, ‘கவனம்’, ‘அறிவிப்பு’ என்று பிரித்துக்கொண்டேன்.

இந்தப் படி வித்தியாசத்தை ஒரு நாட்டுச் சட்டமே ஏறிக் காட்டியிருக்கிறது. அமெரிக்க சிகரெட் பெட்டிகளில் 1966இல் கட்டாயமாக்கப்பட்ட முதல் வாசகம் ‘காஷன்’ என்று தொடங்கியது. புகைபிடிப்பது உடல்நலத்துக்குக் கேடாக ‘இருக்கலாம்’ என்றது. அடுத்து வந்த சட்டத்தின்படி 1970இல் அந்தச் சொல் ‘வார்னிங்’ ஆனது. வாசகமும் ‘ஆபத்தானது’ என்று உறுதியாக மாறியது. ‘மே பி’ போய் ‘இஸ்’ வந்த அதே கையோடு காஷனும் வார்னிங்காக உயர்ந்திருக்கிறது. இந்த இரு சொற்களின் எடை வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படியானால் காஷன் எப்போதும் வார்னை விட லேசானது என்று எழுதி வைத்துக்கொள்ளலாமா? கூடாது, கால்பந்து மைதானத்தில் இது தலைகீழ். அங்கே காஷன் என்றால் மஞ்சள் அட்டை, பெயர் பதிவாகும், இரண்டாவது வாங்கினால் வெளியே போக வேண்டியதுதான். (அட்டைகள் 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில்தான் முதலில் வந்தன. காஷன் அதற்கு முன்பே இருந்தது, நடுவர் வாயால் சொல்லிக் குறித்துக்கொள்வார்.) இன்றைய ஆட்ட விதிகளில் அணியின் பயிற்சியாளர் போன்றவர்களுக்கு முதலில் ‘வார்னிங்’, அதற்கு மேல் ‘காஷன்’, அதற்கும் மேல் வெளியேற்றம் என்று வரிசையே இருக்கிறது.

போலீஸ் ஆங்கிலத்திலும் இப்படித்தான், காஷன் ஒரு சடங்குச் சொல். இங்கிலாந்தில் ஒருவரைக் கைது செய்யும்போது ‘நீங்கள் எதுவும் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை’ என்று தொடங்கும் வாசகத்தைச் சொல்கிறார்களே, அதற்குப் பெயர் காஷன். அமெரிக்காவில் அதே வேலையைச் செய்வது ‘மிராண்டா வார்னிங்’, 1966இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் பெயரால். போதாக்குறைக்கு இங்கிலாந்தில் சிறு குற்றத்தை ஒப்புக்கொண்டவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் முறைப்படி பதிவு செய்து விட்டுவிடுவதும் காஷன்தான். ஆகவே செய்தியில் ‘ஹி வாஸ் காஷன்ட்’ என்று வந்தால் உடனே ‘எச்சரித்து அனுப்பினர்’ என்று மொழிபெயர்க்காமல் எந்த நாடு, எந்தக் கட்டம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வினையாக, சாதாரண எழுத்தில் வரும்போது காஷன் நிதானமான பெரியவர் மாதிரி. ‘ஐ உட் காஷன் அகெய்ன்ஸ்ட் டேக்கிங் திஸ் ஃபிகர் டூ சீரியஸ்லி’ என்றால் ‘இந்த எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள்’ என்பது. ஆய்வறிக்கைகளிலும் மேலாண்மைக் கூட்டங்களிலும் நிறையக் கேட்கலாம். உங்கள் சர்வர் மெயிலில் இதைப் போட்டிருந்தால் மிரட்டலாகத் தெரிந்திருக்காது, ஆனால் அறிவுரை மாதிரி இருந்திருக்கும். மேலாளர்களுக்கு அதுவும் பிடிப்பதில்லை.

‘அட்மோனிஷ்’ பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அகராதியில் பக்கத்தில் கிடப்பதால் ஒரு வார்த்தை. அது எடுத்துச் சொல்லிக் கண்டிப்பது, பெரும்பாலும் தவறு நடந்த பிறகு. நினைவூட்டு, எச்சரி என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. வகுப்பு ‘மானிட்டர்’ அதே வேரில் முளைத்தவர்தான். மெயிலில் போடுகிற சொல் இல்லை அது, மேலாளருக்கு என்றால் கண்டிப்பாக இல்லை.

கடைசியாக உச்சரிப்பு. தமிழில் வார்ன், வார்னிங் என்று எழுதிப் பழகியதால் களஞ்சியத்தைக் குறிக்கும் ‘பார்ன்’ என்கிற மாதிரி வாயைத் திறந்து சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது ‘கார்ன்’ என்ற மக்காச்சோளச் சொல்லோடு எதுகை சேர்வது, ‘வோர்ன்’ என்று உதட்டைக் குவிக்க வேண்டும். ‘வார்’, ‘வார்ம்’, ‘வார்டு’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ‘தேய்ந்துபோன’ என்று பொருள்படும் ‘வோர்ன்’ என்ற சொல்லும் இதுவும் பெரும்பாலானோர் வாயில் ஒரே ஒலி. எனவே மேலாளரிடம் போனில் விளக்கம் சொல்லும்போது ‘ஐ டிட்ன்ட் மீன் டு வோர்ன் யூ’ என்று சொல்லுங்கள். ‘ஐ ஒன்லி மென்ட் டு லெட் யூ நோ’ என்பதையும் உடனே சேர்த்துவிடுங்கள்.