இரைப்பை ஒப்பரேசனுக்குப் பிறகு என்ன சாப்பிடுவது: மிஸ்ஸியிடம் கேட்டவை

எடை குறைக்க ஒப்பரேசன் செய்துவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பியவர்களுக்கும் அவர்களுக்குச் சமைத்துப் போடுபவர்களுக்கும் இது. நான் சத்திரசிகிச்சை வார்டில் வேலை பார்த்த தாதி. செய்யலாமா வேண்டாமா, எங்கே மலிவு என்ற கேள்விகளுக்கு நான் ஆள் இல்லை. செய்து வந்த பிறகு நடப்பதைக் கேளுங்கள். இங்கே ஸ்லீவ் என்றால் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய் மாதிரி ஆக்குவது. பைபாஸ் என்றால் இதய பைபாஸ் இல்லை, இரைப்பையின் மேலே சின்னப் பை ஒன்றை விட்டு அதைக் குடலோடு இணைப்பது.

உப்புவெளி: ஸ்லீவ் செய்து நாலு மாதம். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுது. மொட்டையாகிடுவேனா மிஸ்ஸி?

ஆக மாட்டீர்கள் தங்கச்சி. ஒப்பரேசனும் எடை மளமளவென்று இறங்குவதும் உடம்புக்குப் பெரிய அதிர்ச்சி. வளர வேண்டிய முடியில் ஒரு பங்கு சேர்ந்தாற்போல ஓய்வுக்குப் போய், மூன்றாம் நாலாம் மாதத்தில் சேர்ந்தாற்போல உதிரும், சில மாதத்தில் அடங்கித் திரும்ப முளைக்கும். நாளுக்கு 60 கிராம் புரதமாவது போகிறதா, இரத்தத்தில் இரும்புச்சத்து எவ்வளவு என்று பாருங்கள். எண்ணெய் மாற்றிப் பிரயோசனமில்லை.

மூதூர்: அம்மாவுக்கு பைபாஸ் செய்து மூன்று மாதம். மீன் இறுகுது என்கிறா, புட்டும் சொதியும் வழுக்கிக்கொண்டு இறங்குது. மூன்று வேளையும் அதையே கொடுக்கலாமா?

வழுக்கி இறங்குவதுதான் வில்லங்கமே. பைபாஸில் மேலே விட்டுவைக்கும் பை தொடக்கத்தில் 30 மில்லிலீற்றர் அளவுதான். நின்று வயிறு நிரப்பும் சாப்பாடு அதற்குள் போனால்தான் ‘போதும்’ என்று தெரியும். சொதியில் ஊறின புட்டு நிற்காமல் கீழே போகும், பசி அடங்காது, இன்னும் ஒரு பிடி, இன்னும் ஒரு பிடி என்று போய்க் கடைசியில் எடையும் திரும்பும், புரதமும் இருக்காது. ஒரு பிடி புட்டில் இரண்டு மூன்று கிராம் தேறினால் பெரிய விஷயம். அவித்த மீன் 100 கிராமில் 20 கிராமுக்குக் குறையாது, ஒரு முட்டையில் 6.

மீன் ஏன் இறுகுது? சூரையைக் காயக் காயப் பொரித்துக் கொடுத்திருப்பீர்கள். பாரையோ விளைமீனோ எடுத்துச் சொதியில் மெதுவாக அவியவிட்டு, முள் எடுத்து, அந்தச் சொதியிலேயே கரண்டியால் மசித்துக் கொடுங்கள். நகத்தளவு துண்டு வாயில் போனதும் கரண்டியைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், கூழாகும் வரை மெல்லட்டும். நடுவில் அம்மாவுக்கு மூக்கு ஒழுகினாலோ விக்கல் வந்தாலோ அதுதான் நிறுத்தச் சொல்லும் அடையாளம். அதையும் தாண்டி ஒரு வாய் வைத்தால் நெஞ்சுக்குழியில் கல் மாதிரி நிற்கும், வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறும். அப்போது தண்ணீர் ஊற்றித் தள்ளப் பார்க்காதீர்கள், இன்னும் மோசமாகும்.

தம்பலகாமம்: மிஸ்ஸி, வெள்ளை மா புட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. குரக்கன் புட்டு அப்படி இல்லை, எங்கள் அப்பப்பா அதைச் சாப்பிட்டே தொண்ணூறு வயது இருந்தார்.

அப்பப்பாவுக்கு முழு வயிறு இருந்தது, பகல் முழுக்க வயலிலும் நின்றிருப்பார். குரக்கனில் கல்சியம் நல்லாக இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் 100 கிராம் மாவுக்கே ஏழு கிராம் புரதம்தான், உங்கள் வயிற்றுக்குப் போவது அதில் எத்தனை பங்கு?

மூதூர்: அப்போ எங்கள் சாப்பாடு எல்லாமே பிழையா? டின் பவுடரைக் கரைத்துக் குடித்தே சீவிக்கவா?

யார் அப்படிச் சொன்னது? கடலை வைத்துக்கொண்டு டின்னுக்கு ஏன் போக வேண்டும்? மீன், முட்டை, பருப்பு, கிண்ணியா மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் சீனி பாணி இல்லாமல். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் இன்னும் திக்காக வரும். முதலில் இவை, இடமிருந்தால் கடைசியில் இரண்டு கரண்டி புட்டு.

தம்பலகாமம்: குரக்கன் புட்டோடு மீன் சேர்த்தால்...

சேருங்கள் தம்பி, மீனை முதலில் தின்றுவிட்டு. புட்டுக் கதை இத்தோடு போதும்.

நிலாவெளி: கச்சான் காற்று அடிக்கும்போது தொண்டை வரளுது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாதாமே?

கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான். மற்ற நேரம் முழுக்கப் போத்தலும் கையுமாக இருங்கள், மிடறு மிடறாக ஒன்றரை லீற்றராவது போக வேண்டும். மடக்கென்று குடிக்கும் காலம் முடிந்தது. சோடா வேண்டாம்.

கிண்ணியா: பைபாஸ் செய்தவன். கல்யாண வீட்டில் வட்டிலப்பம் கொஞ்சம்தான் எடுத்தேன். கால் மணி நேரத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, வயிற்றாலையும் போனது. ஹார்ட்டா? நோன்பு பிடிக்கலாமா?

சீனி வேகமாகக் குடலில் இறங்கினால் இப்படி நடக்கும், பைபாஸ் ஆட்களுக்குத் தெரிந்த வியாதி. ஆனால் நெஞ்சு நோவு சேர்ந்து வந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்கினால் அது இரத்தச் சீனி இறங்குவது, அதையும் கிளினிக்கில் சொல்லுங்கள். சீனி வியாதிக் குளிசை பழைய அளவில் போட்டுக்கொண்டிருக்கிறீர்களா? நோன்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முதல் வருடம் வேண்டாம் என்பேன், உங்கள் வைத்தியரிடம் கேட்காமல் எந்த வருடமும் வேண்டாம்.

சாம்பல்தீவு: முழங்கால் நோவுக்கு பாமசியில் டைக்குளோபினாக் வாங்கிப் போடலாமா?

வேண்டாம். பைபாஸ் செய்த இடத்தில் புண் வரும், இரத்தம் கசியும். பனடோல் அளவோடு. வேறு எது வாங்கினாலும் ஒப்பரேசனைச் சொல்லி வாங்குங்கள்.

கந்தளாய்: கல்யாணமாகி இரண்டு வருடம், ஸ்லீவ் செய்து அஞ்சு மாதம். மாமி ‘விசேஷம் எப்போ’ என்று நச்சரிக்கிறா.

மாமியைப் பொறுக்கச் சொல்லுங்கள். 12 முதல் 18 மாதம் தள்ளிப்போடத்தான் சொல்வார்கள், எடை இறங்கும் வேகத்தில் பிள்ளைக்குச் சத்துப் போதாது. கவனம், எடை குறைந்தால் முன்பு தங்காத கருவும் சட்டென்று தங்கும். பைபாஸ் செய்தவர்கள் கருத்தடைக் குளிசையை நம்ப வேண்டாம், வேறு முறை கேளுங்கள்.

சீனக்குடா: முடி கொட்டுது...

உப்புவெளித் தங்கச்சிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பாலையூற்று: முதுகு நோவு. டைக்குளோபினாக் ஊசி என்றால் பரவாயில்லையா, அது வயிற்றுக்குள் போகாதே?

ஊசியும் அதே மருந்து. இரத்தம் வழியாக அதே புண்ணைத்தான் தரும்.

உவர்மலை: விற்றமின் குளிசையெல்லாம் ஆறு மாதத்தோடு நிறுத்தலாமா? தேத்தண்ணியோடு போடுகிறேன்.

நிறுத்த முடியாது, பி12 உட்பட ஆயுசுக்கும். இரும்பையும் கல்சியத்தையும் இரண்டு மணி நேரம் பிரித்துப் போடுங்கள். பிளேன்டியோடு போட்ட இரும்பு பாதி வீண்.

லிங்கநகர்: அக்காவுக்கு ஸ்லீவ் செய்து இரண்டு மாதம். ஒரு கிழமையாக எது குடித்தாலும் வாந்தி. ஜீவனி (வாந்திபேதிக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) கொடுக்கிறோம். இப்போது நடக்கத் தள்ளாடுறா, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியுது என்கிறா. இன்னும் இரண்டு நாள் பார்க்கலாமா?

பார்க்க வேண்டாம், இப்போதே ஓட்டோ பிடியுங்கள். ஒரு கிழமை வாந்தியில் தயமின் என்ற பி1 விற்றமின் தீர்ந்து மூளையைத் தாக்கியிருக்கலாம். வாசலில் நிற்பவரிடமே ‘வயிறு வெட்டிக் குறைத்தவ, தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் சேலைன் ஏற்ற வேண்டாம்’ என்று சொல்லுங்கள். ஒப்பரேசன் துண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.