சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கம் நடைபாதையில் இருப்பவர்கள், எங்கள் சபைக் குழு கொடுக்கும் சாப்பாட்டுப் பொட்டலத்தை ஏன் வாங்க மாட்டேன் என்கிறார்கள்?

இரவு 9 மணிக்கு நீங்கள் நீட்டிய சாம்பார் சாதத்தைப் பலர் வாங்காததற்கு நேரம்தான் காரணமாக இருக்கும். வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் தலைமுறையாக வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களே அடுப்பு மூட்டிச் சமைத்து, அதற்குள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். வாங்கி ஓரமாக வைத்தவர்களைத் திமிர் என்று நினைக்காதீர்கள். இந்த வெக்கையில் காலைக்குள் ஊசிப்போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஞாயிறு என்றால் வேறு சர்ச் சபைக்காரர்களும் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

நாளை மாலை 6 மணிக்கு இரண்டு பேர் மட்டும் வெறுங்கையோடு போய், "பாட்டி, சாப்பாடு ஆச்சா? வேற என்ன வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள். கொசுவர்த்தி, சோப்பு, நாப்கின், மழைக்குத் தார்ப்பாய் என்று பதில் வந்தால் பொட்டலக் காசை அதற்குத் திருப்புங்கள். நாப்கினை உங்கள் குழுவின் பெண்கள் கொடுக்கட்டும்.

தங்க இடமில்லாமல் தனியாகக் கிடப்பவருக்காக மாநகராட்சியின் உதவி எண் 1913-ஐ அழைக்கலாம். உடம்பு ரொம்ப முடியவில்லை என்றால் 108. ஆனால் வீடற்றோர் காப்பகத்துக்கு வரச்சொல்லி யாரையும் வற்புறுத்த வேண்டாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரும்பாலும் தனித்தனி இடம், குடும்பமாக இருப்பவர்கள் பிரிந்து போக மாட்டார்கள்.

அப்புறம், பொட்டலத்தோடு துண்டுப்பிரசுரம் வேண்டாம், போட்டோவும் வேண்டாம். அவர்களாகக் கேட்டால் ஜெபியுங்கள்.